இறங்குவது எளிது, ஏறுவதுதான் பாடு: ஊர்கூடி ஒரு நீர்வழித்தடம் அமைக்க

கயாக், அதாவது உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுக்கமான சிறு படகு, வாங்கியவர் எவருக்கும் முதலில் வரும் கேள்வி "எங்கே இறங்குவது?" என்பது. தண்ணீரில் இரண்டு மணி நேரம் போனபின் வரும் கேள்வி அதைவிடக் கனமானது: "எங்கே ஏறுவது?" ஆறு தன்போக்கில் ஓடுகிறது, படகும் கூடவே போகிறது, கரை நெடுகிலும் முள், சேறு, வேலி. இந்த இரண்டு கேள்விகளுக்கும் முன்கூட்டியே பதில் செய்து வைத்திருக்கும் ஆற்றையோ ஏரியையோ கடலோரத்தையோதான் நீர்வழித்தடம் என்கிறோம்.

நடைபாதை போடுவதென்றால் மண்ணை வெட்டவேண்டும், கல் பரப்பவேண்டும். இங்கே அந்த வேலை இல்லை. தடம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் அமைப்பது கரையோரத்தில் சில இடங்கள் மட்டும். படகை இறக்க ஒரு துறை, ஏற்ற ஒரு துறை, நடுவில் உட்கார்ந்து கால் நீட்ட ஓரிரு இடம், தடுப்பணை குறுக்கிட்டால் படகைத் தூக்கிக்கொண்டு சுற்றிப்போக ஒரு பாதை. கூடவே ஒரு வரைபடம், கொஞ்சம் பலகைகள், வருடம் முழுக்க இவற்றைக் கவனிக்க நாலு பேர். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் துடுப்பு பிடிக்கும் நேரத்தைவிடக் கரைக்காரர்களோடு உட்கார்ந்து பேசும் நேரம்தான் அதிகமாகும். அதற்குத் தயாராக இருந்தால் தொடருங்கள்.

பெரிய எடுத்துக்காட்டுகளைப் பார்த்து மலைக்கவேண்டாம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடலோரத்தில் 1988இல் தொடங்கிய தீவுத் தடம் இன்று சுமார் 600 கி.மீ. நீளத்துக்கு, 200க்கும் மேற்பட்ட இடங்களை இணைக்கிறது. அவற்றில் பல தனியார் தீவுகள். உரிமையாளர்கள் பலர் கைகுலுக்கி ஒப்புக்கொண்ட வாய்வார்த்தையின் பேரில்தான் இன்னும் அனுமதிக்கிறார்கள். 2006இல் திறந்த வடக்கு வனக் கேனோ தடம் (கேனோ என்பது மேலே திறந்த துடுப்புப் படகு) நியூயார்க்கில் தொடங்கி கனடாவின் கியூபெக்கையும் தொட்டு மெய்னில் முடிகிறது. கிட்டத்தட்ட 1,190 கி.மீ. அதையும் 13 வரைபடத் துண்டுகளாக நறுக்கித்தான் மக்களுக்குக் கொடுக்கிறார்கள். நீங்கள் செய்யவேண்டியது அப்படி ஒரே ஒரு துண்டு. ஒரு காலைப்பொழுதில் போய்வரக் கூடியது.

யாருக்காக என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இதை முடிவு செய்யாமல் வரைபடத்தை விரிக்காதீர்கள். ஆறுகளின் கடினத்தை 1 முதல் 6 வரை பிரிக்கும் பன்னாட்டு அளவுகோல் ஒன்று உண்டு. 1 என்றால் நகரும் நீர், சிற்றலை, தடை குறைவு, விழுந்தாலும் நீந்திக் கரைசேரலாம். 6 என்றால் தேர்ந்தவர்களே யோசிக்கும் இடம். ஊர்ப் பொதுத்தடம் 1ஐத் தாண்டக்கூடாது என்பது என் கட்சி. நடுவில் கொஞ்சம் வேகமான பகுதி வந்தால் அந்தத் துண்டை விட்டுவிடுங்கள், அல்லது வேறு பெயர் கொடுத்துத் தனித் தடமாகப் பிரித்துவிடுங்கள். "பெரும்பாலும் அமைதியான ஆறு, ஓர் இடம் மட்டும் பார்த்துப் போகவும்" என்று எழுதினால், அந்த ஓர் இடத்தைத்தான் யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

நீளம் எவ்வளவு? பழகியவர் அமைதியான நீரில் மணிக்கு 5 கி.மீ. போவார். புதியவர்களும் குழந்தைகளும் செல்போனில் படமெடுப்பவர்களும் சேர்ந்த கூட்டம் 3 கி.மீ. போனால் பெரிது. 8 கி.மீ. என்றால் மூன்று மணி நேரம் ஆகிவிடும். முதல் தடத்துக்கு அது தாராளம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் யாரையும் படகிலேயே உட்காரவைக்காதீர்கள், கால் மரத்துப்போகும். சிறுநீர் கழிக்கவும் ஒதுங்க வேண்டியிருக்கும். ஆகவே 4, 5 கி.மீ.க்கு ஒரு துறை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் பலர் மறப்பது வண்டியை. ஆறு ஒருபக்கமாகத்தான் ஓடும். மேலே இறங்கியவர் கீழே ஏறும்போது அவருடைய கார் மேலேதான் நிற்கும். இரண்டு வண்டி வைத்து மாற்றி மாற்றி ஓட்டலாம், வாடகை வண்டிக்கு ஏற்பாடு செய்யலாம், இரண்டு துறைகளும் பேருந்துச் சாலைக்குப் பக்கத்தில் இருப்பதுபோல் தேர்ந்தெடுக்கலாம். இது எதுவும் அமையாவிட்டால், போன வழியே திரும்பி வரக்கூடிய மெதுவான நீரைத் தேடுங்கள். ஓட்டம் மணிக்கு 2 கி.மீ.க்குள் இருந்தால் புதியவரும் எதிர்நீச்சலாகத் திரும்பிவிடுவார். அப்போது ஒழுங்கு ஒன்று: முதலில் எதிரோட்டமாகப் போகச் சொல்லுங்கள். களைத்தபிறகு ஆறே வீட்டுக்குக் கொண்டுவந்து விடும்.

தண்ணீர் யாருடையது, கரை யாருடையது

இவை ஒரே கேள்வி இல்லை. நீரின் மேல் மிதந்துபோகும் உரிமை ஒன்று, ஆற்றின் அடித்தரை யாருக்குச் சொந்தம் என்பது இன்னொன்று, கரையில் கால்வைக்கும் உரிமை மூன்றாவது. நாட்டுக்கு நாடு இவை மாறும். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் உள்நாட்டு நீர்நிலைகளிலும் பொறுப்போடு சென்றுவர எல்லாருக்கும் உரிமை தருகிறது. பக்கத்திலேயே இங்கிலாந்தில் பல ஆறுகளில் அப்படிப் போகலாமா கூடாதா என்பதே நெடுநாள் வழக்கு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. உங்கள் இடத்துச் சட்டத்தை, அதைப் படித்தவர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டு, பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "எல்லாரும் போகிறார்களே" என்பது பதிலாகாது. பத்துப் பேர் போகும்போது கண்டுகொள்ளாதவர், வரைபடம் அச்சடித்து ஆயிரம் பேரை அழைக்கும்போது வேறு மாதிரி நடந்துகொள்வார்.

பிறகு நீரை ஏற்கெனவே பயன்படுத்துபவர்களின் பட்டியல். நீர்வளத் துறை, அணையையும் மதகையும் இயக்குபவர்கள், உள்ளாட்சி, வனத்துறை, மீனவர்கள், மணலோ நீரோ எடுப்பவர்கள், கரையில் துணி துவைப்பவர்கள், நீச்சலடிப்பவர்கள். எல்லாரையும் வரைபடம் வரைவதற்கு முன் பாருங்கள். கையில் அச்சடித்த வரைபடத்தோடு போனால், "முடிவு செய்துவிட்டுத் தகவல் சொல்ல வந்திருக்கிறார்கள்" என்றுதான் நினைப்பார்கள். வெறுங்கையோடு போய், "உங்களுக்கு இந்த ஆற்றில் எந்தெந்த இடம் முக்கியம்?" என்று கேளுங்கள். வலை எங்கே கட்டுவார்கள், எந்த மாதத்தில், எந்த இடத்தில் கயிறு குறுக்கே போகும் என்பதெல்லாம் இப்படிக் கேட்டால்தான் தெரியும். எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் அது இருக்காது.

எங்கள் குழு இப்படி ஒரு தடம் அமைத்தபோது, நாங்கள் துறைக்காகக் கேட்ட ஒரு நிலத்தின் உரிமையாளர் முதல் நாள் வாசலிலேயே நிறுத்திவிட்டார். எழுபதைத் தாண்டியவர். "வர்றவங்களால எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. கேட்டைத் திறந்து போட்டுட்டுப் போயிடுவாங்க. மாடு ரோட்டுக்குப் போயிடும். ராத்திரி பத்து மணிக்கு நான் தேடணும்."

அவருக்கு இருந்த ஒரே சிக்கல் அந்தக் கேட். நாங்களோ காப்பீடு, பொறுப்பு, ஒப்பந்தம் என்று பத்துப் பக்கம் தயாரித்துக்கொண்டு போயிருந்தோம். தானாக மூடிக்கொள்ளும் கேட் ஒன்றைப் போட்டோம், படகைத் தூக்கிக்கொண்டு நுழைய வசதியாகக் கொஞ்சம் அகலமாக. அவரே அடுத்த மாதம் நிழலுக்கு ஒரு பெஞ்சு போட இடம் காட்டினார்.

அதற்காகக் காகிதமே வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த மாதங்கள், எத்தனை மணிவரை, யார் சுத்தம் செய்வது, யாருக்காவது அடிபட்டால் யார் பொறுப்பு, எவ்வளவு நாள் முன்னறிவிப்போடு அனுமதியைத் திரும்பப் பெறலாம் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். திரும்பப் பெறும் வழியை எளிதாக வையுங்கள். வெளியே வரக் கதவு இருக்கிறது என்று தெரிந்தால்தான் பலர் உள்ளே வருவார்கள்.

தடத்தை அளப்பது

இப்போதுதான் படகு. குறைந்தது இரண்டு முறை போகவேண்டும், நீர் குறைந்த பருவத்தில் ஒன்று, நிறைந்த பருவத்தில் ஒன்று. ஒரே ஆறு இரண்டு வேறு ஆறுகளாக இருக்கும். முதலில் மணல்திட்டில் படகை இழுத்துக்கொண்டு நடந்த இடம், அடுத்த முறை கிளைகள் தலையில் இடிக்கும் இடமாகியிருக்கும். கரையோரமாக நடந்தும் ஒருமுறை பாருங்கள்.

குறிப்பெடுப்பதில் ஒரு ஒழுங்கு வேண்டும். இடது, வலது என்று எழுதும்போது எப்போதும் நீர் ஓடும் திசையைப் பார்த்து நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். படகுக்காரர்கள் உலகெங்கும் அப்படித்தான் சொல்கிறார்கள், எதிரோட்டமாகப் போனாலும் "ஆற்றின் இடது" மாறாது. ஒவ்வோர் இடத்திலும் ஜிபிஎஸ் புள்ளி, மணி, தண்ணீரிலிருந்து கரையைப் பார்த்து எடுத்த படம், செல்போன் சிக்னல் கிடைக்கிறதா, ஆம்புலன்ஸ் எவ்வளவு பக்கத்தில் வரமுடியும் என்பவற்றை எழுதுங்கள். கடைசி இரண்டையும் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள், பின்னால் மறுபடி ஒரு பயணம் போகவேண்டியிருக்கும்.

வளைவுகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வளைவின் வெளிப்பக்கத்தில் நீர் வேகமாகவும் ஆழமாகவும் ஓடிக் கரையை அரிக்கும், அங்கே நிற்கும் மரங்கள்தான் ஆற்றில் சாயும். உட்பக்கத்தில் ஓட்டம் தளர்ந்து மணல் படியும். துறைக்கு இடம் தேடுபவர் உட்பக்கத்தைப் பார்க்கலாம், ஆனால் ஆண்டுக்காண்டு மணல் ஏறித் துறை தூர்ந்துபோகும் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். வளைவு முடிந்து ஆறு நேராகும் இடம் பல நேரம் இரண்டுக்கும் நடுவழியாக அமையும்.

விழுந்து கிடக்கும் மரம் அழகாகத் தெரியும். அதன் கிளைகளுக்குள் தண்ணீர் புகுந்து போய்விடும், படகும் ஆளும் போகமுடியாது. சல்லடையில் சிக்கியதுபோல் ஓட்டம் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இதன் விசையைக் குறைத்து மதிக்காதீர்கள். ஓட்டத்தின் வேகம் இரட்டிப்பானால் அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகும். பாலத்தூண்களில் அடைந்து கிடக்கும் குப்பைக் கட்டைகளும் இதே ரகம்தான்.

எல்லாவற்றையும்விடக் கொடியது தடுப்பணை. பெரிய அணையைச் சொல்லவில்லை, அதைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். ஆற்றின் குறுக்கே ஒரு மீட்டர் உயரத்துக்கு, சில இடங்களில் அதற்கும் குறைவாக, நீளச் சுவராகக் கட்டியிருப்பார்களே, அது. மேலேயிருந்து வருபவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. நீர்ப்பரப்பில் நேராக ஒரு கோடு, அதற்கப்பால் மரங்களின் மேல்பாதி. அவ்வளவுதான். சத்தம் கேட்கும்போது நேரம் கடந்திருக்கும். சுவரைத் தாண்டி விழும் நீர் அடியில் பாய்ந்து, கொஞ்ச தூரத்தில் மேலெழுந்து, மேற்பரப்பில் மறுபடி சுவரை நோக்கியே திரும்பி வருகிறது. அந்த உருளைக்குள் விழுந்தது எதுவும் சுழன்றுகொண்டே இருக்கும். பந்து, கட்டை, படகு, ஆள். நுரையும் காற்றுக் குமிழியும் கலந்த நீர் மிதக்கவைக்காது, அதனால் லைஃப் ஜாக்கெட் போட்டவரும் தப்புவது கடினம். மீட்புப் பணியாளர்கள் இதை 'மூழ்கடிக்கும் இயந்திரம்' என்றே சொல்வார்கள். காப்பாற்றக் குதித்தவர்களும் சேர்ந்து இறந்த கதைகள் உண்டு.

உங்கள் தடத்தில் தடுப்பணை இருந்தால் இரண்டே வழி. தடத்தை அதற்கு முன்பே முடித்துவிடுவது, அல்லது நல்ல தூக்குப்பாதை அமைப்பது. முதல் தடம் என்றால் முன்பே முடித்துவிடுங்கள். பாதைதான் என்றால், ஏறும் இடம் சுவருக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது. ஓட்டம் தளர்ந்த நீரில், ஏறும் முயற்சி ஒருமுறை தவறினாலும் இரண்டாம் முறை செய்ய நேரம் இருக்கும் அளவுக்கு மேலே இருக்கவேண்டும். மறுபடி இறங்கும் இடம் கீழே அந்தக் கொந்தளிப்பு முழுக்க அடங்கியபிறகு. அணையைத் திறந்துவிடும் அட்டவணை இருந்தால், திறப்பவரின் எண் உங்கள் குழுவில் இரண்டு பேரிடமாவது இருக்கவேண்டும்.

ஏரியில் எதிரி காற்று. நீண்ட திறந்த பரப்பின் மேல் வீசும் காற்று அலையை வளர்த்துக்கொண்டே வரும், இந்தக் கரையில் சிற்றலையாக இருப்பது எதிர்க்கரையில் படகைக் கவிழ்க்கும். கரையிலிருந்து நீரை நோக்கி வீசும் காற்று இன்னும் ஏமாற்றும். கிளம்பும் இடம் கண்ணாடி மாதிரி இருக்கும், திரும்ப நினைக்கும்போதுதான் தெரியும். ஆகவே ஏரித் தடம் கரையை ஒட்டியே போகட்டும், குறுக்கே வெட்டவேண்டாம்.

கழிமுகமும் கடலோரமும் என்றால் ஓதத்தை, அதாவது கடல்நீர் தினமும் ஏறி இறங்குவதை, கணக்கில் கொள்ளாமல் எதுவும் முடியாது. ஏறத்தாழ ஆறு மணி நேர ஏற்றத்தில் நீர் ஒரே சீராக ஏறுவதில்லை. மொத்த உயரத்தில் பாதி, நடுவிலுள்ள மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் ஏறிவிடும். வற்றமும் அப்படியே. காலையில் படகை அலுங்காமல் இறக்கிய துறை மதியம் முழங்கால் சேறாக மாறியிருக்கும். நான் ஒருமுறை செருப்பையும், கொஞ்சம் மானத்தையும் அங்கே விட்டு வந்தேன்.

துறை

இந்த வேலையின் இதயம் இதுதான், இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

மீன்பிடி விசைப்படகுக்கோ சுற்றுலாப் படகுக்கோ கட்டிய மேடை துடுப்புப் படகுக்கு ஆகாது. கயாக்கில் உட்கார்ந்தவரின் இடுப்பு கிட்டத்தட்ட நீர்மட்டத்தில் இருக்கிறது. மேடை நீருக்கு மேல் 15 முதல் 30 செ.மீ. உயரத்தில் இருந்தால் பக்கவாட்டில் கையூன்றி எழலாம். 60, 70 செ.மீ. ஆனால் அது மேடை இல்லை, சுவர்.

எங்கள் முதல் துறையில் அந்தத் தப்பைத்தான் செய்தோம். ஆறு நிறைந்திருந்த மாதத்தில் அளவெடுத்து, காங்கிரீட் போட்டு, படம் எடுத்து மகிழ்ந்தோம். நான்கு மாதம் கழித்து நீர் இறங்கியது. குழுவிலேயே மூத்த அக்கா ஒருவர் படகை மேடையோடு ஒட்டி நிறுத்தினார். மேடை விளிம்பு அவர் தோளுக்கு நேராக இருந்தது. இரண்டு முழங்கையையும் மேலே வைத்தார். எழ முயன்றதும் படகு கால்களுக்கடியில் மெல்ல வெளியே நழுவ ஆரம்பித்தது. உடம்பு பாதி மேடையில், பாதி ஆற்றில். இரண்டு பேர் அக்குளைப் பிடித்துத் தூக்கினோம். முழங்கால் சிராய்த்து ரத்தம். "நல்லா கட்டியிருக்கீங்க, ஏறத்தான் முடியல" என்றார். அதன்பிறகு அந்த மேடையை உடைத்து, நீருக்குள் இறங்கும் அகலமான படிகளாக மாற்றினோம்.

நீர்மட்டம் அரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் இடத்தில் வழிகள் இரண்டு. ஒன்று, நீரோடு ஏறி இறங்கும் மிதவை மேடை. விலை அதிகம், வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகாமல் கட்டிவைக்கவேண்டும், ஆனால் எல்லா மட்டத்திலும் ஒரே உயரம். இன்னொன்று, நீருக்குள் நீளும் சரிவு அல்லது அகலப் படி. பாசி பிடிக்கும், வழுக்கும், மாதம் ஒருமுறை தேய்க்கவேண்டும். காங்கிரீட் காயும் முன் குறுக்காகக் கோடு கீறிவிட்டால் பிடிப்பு இருக்கும். இயற்கையான மணல் சரிவு அமைந்தால் இரண்டும் வேண்டாம், அதைவிட நல்ல துறை கிடையாது. கூட்டம் வந்து கரை அரிக்கத் தொடங்கினால் மட்டும் கல் பரப்புங்கள்.

கடல் கயாக்கும் கேனோவும் 5 மீ. நீளம் வரும். ஆகவே மேடைக்கு 6, 7 மீ. நீளம் வேண்டும், அது கரைக்கு இணையாக இருக்கட்டும். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து துறைக்குப் போகும் பாதையில் குறுகிய திருப்பம் வைத்தால் 5 மீ. படகு திரும்பாது. இதைச் சோதிக்கக் காகிதம் தேவையில்லை: ஒரு நீள ஏணியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். படகு 25 கிலோ, சாமான் தனி. 100 மீட்டருக்கு மேல் தூக்கவைத்தால் அடுத்த முறை வரமாட்டார்கள்.

சக்கர நாற்காலியில் வருபவரையும் இப்போதே நினைத்துக்கொள்ளுங்கள், கட்டியபின் மாற்றுவது இரட்டைச் செலவு. பாதையின் சரிவு 12க்கு 1 என்ற அளவைத் தாண்டவேண்டாம். நாற்காலி இருக்கையின் உயரத்துக்கு, அதாவது ஏறத்தாழ 45 செ.மீ.க்கு, ஒரு பெஞ்சு, அதிலிருந்து படிப்படியாகத் தாழும் இரண்டு தட்டுகள், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. இந்தத் தட்டுகளை அதிகம் பயன்படுத்துவது முழங்கால் வலிக்காரர்கள் என்பதை ஒரு மாதத்தில் பார்த்துவிடுவீர்கள்.

குப்பைத்தொட்டி? தினமும் காலி செய்ய ஆள் இருந்தால் வையுங்கள். இல்லாவிட்டால் "கொண்டுவந்ததைக் கொண்டுபோங்கள்" என்ற பலகை போதும். நிரம்பி வழியும் தொட்டி, தொட்டியே இல்லாததைவிட மோசம். கழிப்பறை மட்டும் முதல் துறையிலோ கடைசித் துறையிலோ கட்டாயம் இருக்கவேண்டும், அருகிலிருக்கும் பொதுக் கழிப்பறையைச் சேர்த்துக்கொண்டாலும் சரி.

பலகையும் வரைபடமும்

பலகை தண்ணீரைப் பார்க்கவேண்டும். சிரிக்காதீர்கள், நாங்கள் ஒன்றைச் சாலையைப் பார்த்து நட்டோம். ஆற்றில் வருபவருக்கு அதன் வெற்று முதுகுதான் தெரிந்தது, துறையைத் தாண்டி அரை கிலோமீட்டர் போனபின் திரும்பி வந்தார்கள்.

2.5 செ.மீ. உயர எழுத்தை 7, 8 மீ. தொலைவிலிருந்து சிரமமில்லாமல் வாசிக்கலாம். அபாயப் பலகையை 50 மீ.க்கு முன்பே வாசிக்கவேண்டும் என்றால் எழுத்து 15 செ.மீ.க்குக் குறையக்கூடாது. ஆகவே சொற்களைக் குறையுங்கள். "தடுப்பணை. வலக்கரையில் ஏறுக." இவ்வளவு போதும், கூடவே ஒரு அம்புக்குறி. தடுப்பணைக்கு ஒரு பலகை போதாது. வளைவுக்கு முன்பே ஒன்று, ஏறும் துறையில் இன்னொன்று. துறையைத் தவறவிட்டவருக்காக ஒன்று வைக்கலாமே என்று யோசிப்பீர்கள். அதைப் படிக்கும் நிலையில் அவர் இருக்கமாட்டார், அந்தக் காசில் முதல் இரண்டையும் பெரிதாகச் செய்யுங்கள்.

ஒவ்வொரு துறைக்கும் ஒரு பெயரும் எண்ணும் கொடுத்து, அதே எண்ணை வரைபடத்திலும், உள்ளூர் மீட்புப் படையிடம் கொடுக்கும் பட்டியலிலும் போடுங்கள். பதறிப்போய்த் தொலைபேசியில் பேசுபவர் "ஒரு பெரிய மரம் இருக்கு, பக்கத்துல பாலம்" என்பார். "3ஆம் துறைக்குக் கீழே" என்று சொல்லமுடிந்தால் ஆம்புலன்ஸ் சரியான கரைக்கு வரும்.

வரைபடத்தில் இருப்பவற்றைவிட இல்லாதவற்றைச் சொல்வது முக்கியம். இங்கே குடிநீர் இல்லை, இந்த 4 கி.மீ.க்கு ஏறமுடியாது, இங்கே சிக்னல் கிடைக்காது. பறவைகள் கூடு கட்டும் இடத்தைக் குறிக்காதீர்கள், குறித்தால் அதைப் பார்க்கவே ஆட்கள் போவார்கள். "இந்தப் பகுதியில் கரையிறங்க வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் போதும்.

எப்போது திறந்திருக்கும், எப்போது மூடவேண்டும்

அளக்கப் போன ஒவ்வொரு முறையும் அருகிலுள்ள நீர்மட்ட அளவுகோலில் என்ன காட்டியது என்று எழுதிவைத்திருந்தால் இப்போது உதவும். எந்த மட்டத்தில் சுகமாக இருந்தது, எந்த மட்டத்தில் பயமாக இருந்தது என்று தெரியும். அளவுகோல் இல்லாவிட்டால், அனுமதி வாங்கிக்கொண்டு முதல் துறையருகே பாலத்தூணில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டை அடித்துவிடுங்கள். நீர் சிவப்பைத் தொட்டால் யாரும் இறங்கக்கூடாது. எண்ணைவிட நிறம் எல்லாருக்கும் புரியும்.

பெருமழைக்குப்பின் ஒன்றிரண்டு நாள் மூடிவைப்பது நல்லது. வெள்ளம் ஒரு காரணம், சாக்கடையும் எலிச்சிறுநீரும் கலந்து வரும் நீர் இன்னொரு காரணம். எலிக்காய்ச்சல் காலில் உள்ள சிறு வெட்டு வழியாகவே நுழைந்துவிடும்.

லைஃப் ஜாக்கெட்டைப் படகில் வைத்திருப்பது போதாது, உடம்பில் போட்டுப் பட்டையை இறுக்கியிருக்கவேண்டும். கவிழ்ந்தபிறகு நீரில் போடமுடியாது, முயன்று பாருங்கள். குளிர்நீர்ப் பகுதி என்றால் மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1-10-1 கணக்கைப் பலகையிலேயே எழுதலாம். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், குளிரால் நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். லைஃப் ஜாக்கெட் இல்லாதவர் அந்த ஒரு மணி நேரம்வரை மிதக்கமாட்டார்.

படகுகள் ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குக் களையையும் சிப்பியையும் சுமந்துபோகும். ஆகாயத்தாமரையின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு போனால் போதும், புது ஏரியில் அது பரவிவிடும். துறையில் ஒரு தூரிகையும் குழாயும் வைத்து, "பார், கழுவு, காயவை" என்று எழுதிவையுங்கள்.

அப்புறம் யார் பார்த்துக்கொள்வது

திறப்பு விழாவுக்கு நூறு பேர் வருவார்கள். மூன்றாவது மழைக்காலத்தில் பலகை சாய்ந்து கிடக்கும்போது யார் வருவார் என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் 2012இல் தொடங்கிய தேசிய நீர்வழித்தட அமைப்பில் ஒரு தடத்தைச் சேர்க்க, குறைந்தது 10 ஆண்டுகள் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் என்று உறுதி தரவேண்டும். உங்களிடம் யாரும் கேட்காவிட்டாலும் அந்தக் கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். பத்தாண்டு பராமரிக்க வழியில்லாத துறையைக் கட்டவேண்டாம். மூன்றுக்குப் பதில் இரண்டு போதும்.

மெய்ன்காரர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது, ஒவ்வொரு தீவையும் ஆட்கள் தத்தெடுத்துப் பார்த்துக்கொள்ளும் முறை. "நாம் எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள். 2ஆம் துறை இந்தக் குடும்பம், 3ஆம் துறை அந்தப் பள்ளி என்று பெயர் போட்டுக் கொடுத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை ஒரு நடை, ஒரு படம், இரண்டு வரி. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் பிறகு, தடத்தைத் திறக்குமுன் இரண்டு அனுபவசாலிகள் முழுத் தூரமும் போய்ப் பார்க்கவேண்டும். புதிதாக விழுந்த மரத்தை முதலில் காண்பவர் ஒரு குழந்தையாக இருக்கக்கூடாது.

விழாவுக்கு முன் ஒரு சோதனை நாள் வையுங்கள். உங்கள் குழுவைச் சேராத, இந்த ஆற்றையே பார்த்திராத நாலைந்து பேரிடம் வரைபடத்தை மட்டும் கொடுத்து அனுப்புங்கள். பாதுகாப்புக்குப் பின்னால் ஒரு படகு போகட்டும், ஆனால் அதில் இருப்பவர் வாயைத் திறக்கக்கூடாது. இதுதான் கஷ்டம். எங்கள் சோதனை நாளில் நான்தான் அந்தப் படகில் இருந்தேன். முன்னால் போனவர்கள் 2ஆம் துறையைக் கடந்து போனார்கள், கிளை ஒன்று பலகையை மறைத்திருந்தது. தீவு ஒன்று வந்ததும் எந்தப் பக்கம் போவது என்று ஐந்து நிமிடம் நின்றார்கள், வரைபடத்தில் அந்தத் தீவே இல்லை. கடைசித் துறையில் எல்லாரும் ஏறிவிட்டார்கள், ஆனால் ஏறிய படகை வைக்க இடமில்லாமல் அடுத்தவர் தண்ணீரிலேயே காத்திருந்தார். கிளையை அன்று மாலையே வெட்டினோம். தீவை வரைந்து வரைபடத்தை மறுபடி அச்சுக்குக் கொடுத்தோம். கடைசித் துறைக்குப் பின்னால் நாலு படகு வைக்க இடம் சமன்படுத்த மூன்று வாரம் ஆனது, விழா அதற்கப்புறம்தான்.